விதை போடாத இரைச்சல்

விளக்கு எரியட்டும். அணைக்க வேண்டாம். இருட்டில் சொன்னால்தான் பயம் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இந்தக் கதையில் நடுராத்திரி கிடையாது. வெள்ளை உடுப்பு, தலைவிரி கோலம், எதுவும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்குப் பிடிக்காத கதை.

மத்தியானம் இரண்டு மணி. மரம் அறுக்கும் பட்டறைகளுக்குப் பின்னால் போகிற சாலை. ஆட்கள் சாப்பிடப் போய் இன்னும் திரும்பவில்லை. ரம்பங்கள் ஓய்ந்திருந்தன. சாலை முழுக்க மரத்தூள், காற்றே இல்லாததால் அசையாமல் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு மனிதர் மட்டும் தனியாக நடந்து போனார். வெறுங்கையோடு போனார். திரும்பும்போது ஒரு பெட்டியோடு வர வேண்டும் என்று போனார்.

அவர் என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். அலுவலகத்தில் அவருக்கு 'கச்சிதம்' என்று பெயர். எதைக் காட்டினாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிப்பார். அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் பிழை பார்ப்பதுதான் அவர் வேலை. வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டில், கல்யாணப் பத்திரிகையில், செத்தவர் படத்துக்குக் கீழே போட்ட தேதியில்... எங்கேயும் பார்ப்பார். பார்த்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டார்.

அன்றைக்கு அவர் போனது தன் அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவுக்கு இவர் போகவில்லை.

அதற்கு ஒரு பழைய சங்கதி உண்டு. இவர்களுடைய அப்பா ஒன்றரை வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டது அண்ணனும் அண்ணியும். கச்சிதம் எப்போதாவது தலைகாட்டுவார். அப்படி வந்த ஒரு நாள், மருந்துப் பட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஒரு மாத்திரை கூடுதலாக மீந்திருந்தது. ஒரு வேளை கொடுக்க மறந்திருக்கிறார்கள். அதை உறவுக்காரர்கள் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தார். "எண்ணத் தெரியாதவங்க கையில அப்பாவை விட்டுட்டேன்" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பட்டறையில் மரத்தூளைச் சுவாசித்தே நெஞ்சு கெட்டுப்போன மனிதர். கோபம் வந்தால் பேச்சு வராது, இழுப்புதான் வரும். அன்றைக்கும் அதுதான் வந்தது. அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா போனார். பல வருஷம் கழித்து அண்ணனும் போனார்.

அப்புறம் எதற்கு இவர் இப்போது போகிறார்? அண்ணியைப் பார்க்கவா? அதெல்லாம் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக.

இவர்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்த இயந்திரமும் இருக்கும், டேப்பில் ஓடும். அந்தக் காலத்து ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட, பழையதைப் போலவே புதியதை நடிக்க வைக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. எமுலேட்டர் என்பார்கள். கச்சிதம் ஓய்வு நேரத்தில் அப்படி ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு பல் டாக்டர். அவர்தான் இவர் எழுதுவதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார்.

"சார், படமெல்லாம் பிரமாதம். ஆனா ஆட்டத்துல மழைச் சத்தம் வருதே, உங்க மழை தகரக் கொட்டகை மேல பெய்யுது" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். கச்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் பிழை கண்டுபிடித்தவருக்கு ஒருவன் பிழை கண்டுபிடித்துவிட்டான். அசல் இயந்திரத்தின் மழை எப்படிக் கேட்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அசல் இருந்தது அண்ணன் வீட்டில்.

கதவைத் திறந்த அண்ணி, உள்ளே வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கா அண்ணி? கொஞ்ச நாளைக்கு வேணும்."

"அவர் போனதுக்கு வரல. பெட்டிக்கு வந்துட்டீங்க."

அண்ணி வழியை விட்டு ஒதுங்கினாள். "பரண்ல இருக்கு. நீங்களே ஏறி எடுத்துக்குங்க."

இவர் நாற்காலி போட்டு ஏறினார். நாற்காலி ஆடியது. அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"ஓடுதா அண்ணி?"

"போன வருஷம் வரைக்கும் ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தார். சின்ன வயசுல அவரே எழுதினாராமே, மழை... அதைப் போட்டுட்டுப் பக்கத்துல படுத்துக்குவார். தூக்கம் வரும்னு."

இதற்குத் தம்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டேப்பையும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தொழில் விஷயம்தான், ஆனால் எளிது.

மழை, நீராவி, வெடி... பழைய கம்ப்யூட்டரில் இதெல்லாம் ஒரே இரைச்சலில் இருந்து வருவது. அந்த இரைச்சல் எப்படி உண்டாகும்? சில்லுக்குள் ஒரு வரிசை. வரிசையில் ஒன்றும் பூஜ்யமுமாக நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் எல்லாம் ஓரிடம் நகரும். கடைசியில் இருப்பது வெளியே விழும், அதுதான் சத்தம். காலியான முதல் இடத்துக்கு யார்? வரிசையில் குறிப்பிட்ட இரண்டைப் பார்ப்பார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒன்று, ஒரே மாதிரி இருந்தால் பூஜ்யம். அவ்வளவுதான். காதுக்கு மழை மாதிரி தாறுமாறாக இருக்கும். உண்மையில் அந்தச் சில்லு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. தொடங்கும்போது வரிசையில் ஓர் 'ஒன்றா'வது இருக்க வேண்டும். அதற்கு விதை என்று பெயர். விதை போடாமல் எல்லாம் பூஜ்யமாக இருந்தால், பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் பார்த்துப் பூஜ்யம்தான் உள்ளே வரும். எத்தனை யுகம் ஓட்டினாலும் அது ஊமை. ஒரு பொட்டுச் சத்தம் வராது.

கச்சிதம் அண்ணனின் பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார். சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. கூடவே மரத்தூள் வாசனை. டேப்பை ஓட்டினார். மழை பெய்தது. பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்துகொண்டார். பெட்டியை அணைத்து, வயரைச் சுற்றி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

பிறகு தன் எமுலேட்டரில் இரைச்சல் பகுதியை மட்டும் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஓட்டினார்.

மழை வந்தது... தகரம் இல்லை. நிஜ மழை.

அதையும் அதே மைக்கால், அதே மேசையில் வைத்துப் பதிவு செய்தார். ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஸ்பீக்கரில் இருந்து வருவது எது, அறையில் இருப்பது எது என்று மைக்குக்குத் தெரியாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகத்தான் இருந்தது. இரண்டே குறைகள். ஒன்று, சத்தம் சீராக இல்லை. ஏறியது... இறங்கியது... மறுபடி ஏறியது. இரண்டாவது, எமுலேட்டரை நிறுத்தினால் சத்தம் உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு தாமதமாக நின்றது. கச்சிதம் இதைச் சும்மா விடுவாரா? விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து நோண்டினார். ஒலி அளவு கணக்கைத் திருத்தினார். காத்திருப்பு நேரத்தைக் குறைத்தார். அசையவில்லை. நிரலில் இல்லாத பிழையை நிரலுக்குள் தேடினார், பாவம்.

கடைசியில் அலுத்துப்போய், இருக்கிறபடியே பல் டாக்டருக்கு அனுப்பிவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். இவர் அறையில் மழை ஓடிக்கொண்டிருந்தது.

"சார், மழையே பெய்யல."

"என்ன பெய்யல?"

"ஒரு சத்தமும் வரல சார்."

"உங்க ஸ்பீக்கர் செத்திருக்கும்."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. மத்த ஆட்டமெல்லாம் பாடுது. நான் உள்ளயே போய்ப் பாத்துட்டேன். நீங்க விதையே போடல. வரிசை முழுக்கப் பூஜ்யம். புதுசா எழுதினப்ப விட்டுட்டீங்க போல... சார்? இருக்கீங்களா? இவ்வளவு நாளா இதை எப்படிச் சரி பாத்தீங்க?"

கச்சிதம் அந்த வரியைத் திறந்து பார்த்தார். பூஜ்யம். பச்சைப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. இந்த நிரல் முதல் நாளில் இருந்தே ஊமை.

முதுகுக்குப் பின்னால் சன்னல், நல்ல வெயில். முன்னால் மழை பெய்துகொண்டிருந்தது.

எழுந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். வயர் கையில் தொங்கியது. மழை நிற்கவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறும்போது உச்சியில் ஒரு மெல்லிய விசில். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.

ஏய், இங்கே நம் கூட்டத்தில் மூலையில் போர்வைக்குள் இருக்கிறவன் ஏன் இவ்வளவு அமைதி? மூச்சாவது விடு, எங்களுக்குத் தெரியட்டும்.

கச்சிதத்தின் மனைவி, அதாவது என் நண்பனின் அக்கா, மடித்த துணியோடு அறைக்குள் வந்தாள்.

"உனக்கு ஏதாவது கேக்குதா?" என்றார் இவர்.

"கேக்குதே. அந்தப் பெட்டி வந்ததுலேருந்து கேக்குது."

"என்ன மாதிரி கேக்குது?"

அவள் துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆன புதுசுல ஒரே வீட்டுலதானே இருந்தோம். பக்கத்து அறையில உங்க அண்ணன் இழுத்துக்கிட்டுக் கிடப்பாரே... அந்த மாதிரியே இருக்குன்னு நினைச்சேன். சொன்னா வள்ளுனு விழுவீங்க. அதான் சொல்லல."

அப்போதுதான் கச்சிதத்துக்கு அது நினைவு வந்தது. மறந்திருந்தால்தானே நினைவு வருவதற்கு? மறக்கவில்லை, மூடி வைத்திருந்தார்.

அண்ணன் இறந்த நாள். அன்று காலையில் இவர் அலுவலக மேசைத் தொலைபேசி அடித்தது. திரையில் அண்ணன் வீட்டு எண். எடுத்தார். மறுமுனையில் யாரும் பேசவில்லை. சத்தம் மட்டும். ஏறியது... இறங்கியது. பேச வாயெடுத்து, பேச முடியாமல், மூச்சை இழுத்து, மறுபடி பேச வாயெடுக்கிற சத்தம். யாரென்று தெரியும். என்ன நிலைமை என்றும் தெரியும். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் முதலில் பேசட்டுமே என்று நினைத்தாரோ என்னவோ.

பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தி, "யாரு?" என்றார்.

"யாரோ. வெறும் இரைச்சல்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். டொக்.

சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மாத்திரையை எண்ணிய மனிதர். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பூஜ்யத்தை அழித்துவிட்டு அங்கே ஒன்று என்று போட்டார். ஸ்பீக்கர் வயரைத் திரும்பச் செருகினார். ஓட்டினார். சர்ர்ர் என்று மழை, சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல், அசல் சில்லு எப்படி ஒப்பிக்குமோ அப்படி. அதற்கு அடியில் அந்த இன்னொரு சத்தம்... ஒரு மூச்சு தாமதித்து, நின்றுவிட்டது.

பிழை சரியாகிவிட்டது. பல் டாக்டரும் பாராட்டி எழுதினார். இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு, அதே மத்தியானச் சாலையில் நடந்தார். இந்த முறை அண்ணி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி."

தம்பி என்று அவள் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது.

"அன்னிக்குக் காலையில உங்களுக்கு ஃபோன் போட்டாரே. அவரால பேச முடிஞ்சுதா?"

"இல்ல அண்ணி."

"எனக்குத் தெரியும். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டிக்குச் சொல்றேன், ஃபோனைக் குடுங்கன்னு வாங்கப் போனேன். கையைத் தட்டி விட்டுட்டார். சைகை காட்டினார், தம்பி கேட்டுக்கிட்டு இருக்கான்னு. காதுலேருந்து எடுக்கவே விடல. நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுலேருந்துதான் வண்டிக்குச் சொன்னேன். திரும்பி வந்தப்பவும் காதுலதான் வச்சிருந்தார். வண்டி வந்தப்ப..." அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "விரலைப் பிரிச்சுத்தான் ஃபோனை எடுத்தாங்க. நான் அதை வாங்கிக் காதுல வச்சுப் பாத்தேன். கீன்னு ஒரு சத்தம்தான். அதுக்கு முந்தித்தான் வச்சிருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கச்சிதம் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பொய்யில் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். "இருந்தேன் அண்ணி."

"அது போதும் தம்பி. அதுக்காகத்தான் அன்னிக்குக் கதவையே திறந்தேன்."

எந்தப் பேயும் ஒரு மனிதனை இதைவிட அதிகமாகத் தண்டிக்க முடியாது என்று நான் நினைத்தேன். இது கதையை முழுக்கக் கேட்பதற்கு முன்னால்.

வீட்டுக்கு வந்ததும் கச்சிதம் செய்த முதல் வேலை, போட்ட விதையை எடுத்தது. ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம். ஓட்டினார். ஊமை. அன்று முழுக்க ஊமை. மறுநாளும். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் ஃபோனை வைத்துவிட்ட பிறகு அண்ணன் பேச முயன்றது மீதி இருக்கிறதே, அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அண்ணியிடம் சொன்னது பொய்யாகாது. இப்படி ஒரு கணக்கு. அலுவலகம் போவதை விட்டார். சவரத்தை விட்டார். பயந்துபோய் மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன்தான் என் நண்பன்.

அவன் போனது ஒரு காலை வேளை. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. தெருவில் யாரோ காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா மேசையில் தலையைச் சாய்த்து, ஒரு காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்திருந்தார். வயர் பிடுங்கிக் கிடந்தது. அந்தப் பழைய பெட்டி அங்கே இல்லை, அதை அண்ணி வீட்டில் விட்டாயிற்று. ஆனாலும் அறை முழுக்கப் புதிதாய் அறுத்த மரத்தின் வாசனை.

"மாமா, என்ன இது? எழுந்திருங்க."

"உஷ்... வந்துட்டார்."

என் நண்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. கணக்குத் தணிக்கை செய்பவன், கற்பனைக்கும் அவனுக்கும் வெகு தூரம். அலுவலகத் தொலைபேசியை வைக்கும்போது மாமா என்ன சொன்னார் என்பது அன்றைக்கு அவனுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அதெல்லாம் பிற்பாடு மாமா தானே சொல்லித் தெரிந்தது.

அவனும் குனிந்து காதை வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ அடியில் இருந்து... ஏறியது. உச்சியில் ஒரு விசில். இறங்கியது. மறுபடி ஏறியது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, வாயை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனார். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே... நான்தாண்ணே. தம்பி. வைக்கல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

இழுப்பு நின்றது.

மறுபக்கம் யாரோ உற்றுக் கேட்கிறார்கள் என்று என் நண்பனுக்குப் பட்டது. தள்ளி, படுக்கையில் இருந்து கேட்கிற மாதிரி, ஒரு வயசானவரின் குரல் வந்தது. "யாருப்பா?"

மாமா ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்பா" என்றார், சத்தமே வராமல்.

பதில் மிகப் பக்கத்தில் வந்தது. அவசரமில்லாமல், மூச்சுத் திணறாமல், நல்ல தெளிவான, அண்ணனின் குரல்.

"யாரோப்பா. வெறும் இரைச்சல்."

டொக்.